மருத்துவச் சொற்களை அறிவோம்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் மாணவன் நான். மருத்துவனல்லன். ஆதலால், எந்த நோய்க்கு எந்த மருந்து என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. வைத்தியர் வாயிலிருந்து வரும் சொல் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் எத்துணை பொருள் மாறிவிடுகிறது என்பதையும், அச்சொற்களை நாம் சற்று முயன்றால் விளங்கிக்கொள்ளலாம் என்பதையும் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

நம் திருக்கோணமலையில் கிளினிக் நாளொன்றில் வைத்தியசாலைக்குப் போய் வரும் முதியவரைக் கேட்டுப் பாருங்கள். "என்னவாம் ஆச்சி வருத்தம்?" என்றால், "என்னவோ இங்கிலீசிலை சொன்னவை தம்பி, இந்தா துண்டு" என்று கொப்பியை நீட்டுவார். அக்கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எழுதிய வைத்தியர் சிங்களம் பேசுபவராகவும், அருகில் நின்று மொழிபெயர்த்தவர் அவசரத்தில் இருந்தவராகவும் இருக்கலாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் இத்துறைமுக மாவட்டத்தில் ஒரு நோயின் பெயர் மூன்று மொழிகளைக் கடந்தே நோயாளியின் காதை அடைகின்றது. இதில் எவரையும் குறைகூறி ஆவதொன்றில்லை. ஆனால் இடையிலே சொல் தவறினால் அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளியே.

எங்கள் ஒழுங்கையில் கடற்றொழில் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கின்றார். நீரிழிவுக்கு நெடுநாளாக மருந்தெடுத்தவர். ஒருநாள் கிளினிக்கில், "சுகர் இப்ப நோர்மல்" என்று சொன்னார்களாம். நோய் போய்விட்டது என்று அவர் பொருள் கொண்டார், குளிசைகளை நிறுத்தினார். சில மாதத்தின் பின் காலிலே சிப்பி வெட்டிய சிறு காயம் ஆறாமற் புண்ணாகி, ஈற்றில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது. ‘நோர்மல்’ என்ற சொல்லுக்கு அன்று வைத்தியர் கொண்ட பொருள், ‘மருந்தினால் நோய் அடங்கி நிற்கின்றது’ என்பது. பெரியவர் கொண்ட பொருள், ‘நோய் இல்லை’ என்பது. இவ்விரு பொருளுக்கும் இடையிலிருந்த தூரம் இரண்டு கால்விரல்கள்.

ஆகவே, மருத்துவச் சொற்களை அறிதல் படித்தவரின் பொழுதுபோக்கன்று. உயிரோடும் உறுப்போடும் சம்பந்தப்பட்ட காரியம்.

இனி, இச்சொற்களுக்கு நம் மொழியில் ஒரு வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாகக் கூறுவேன். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்று செய்து காட்டியவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இற் பிறந்த அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவ நிலையம் அமைத்து, அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராகப் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் கற்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் சென்றுவிட, கிராமத்து நோயாளி முன்போலவே தனித்து நின்றதைக் கண்டு, 1860களில் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவரும் அவர்தம் மாணாக்கரும் உழைத்ததன் பயனாகத் தமிழில் வெளிவந்தன. இரண வைத்தியம் என்பது சத்திரசிகிச்சை. அங்காதிபாதம் என்பது உடலமைப்பியல். கெமிஸ்தம் என்பது இரசாயனம். தமிழிற் சொல் உண்டாயின் அதனை எடுத்தல், இல்லையேல் வடமொழியை நாடுதல், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைவித்தல் என்பது அவர் கைக்கொண்ட முறை.

நானும் மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்தவன். ஆதலால் அவர் பெயரை நன்றியோடு சொல்கின்றேன். ஆனால், இப்பணி ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்த சுவாமி விபுலானந்தர் மிஷன் பள்ளிகளிற் பயின்று, இலண்டன் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். பின் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியானவர். 1936ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. யாழ் நூல் இயற்றியவர் என்றே பலரும் அவரை அறிவர்; விஞ்ஞானத்தைத் தமிழ்ப் பிள்ளை தமிழிற் கற்கவேண்டும் என்று உழைத்த விபுலானந்தரையும் நாம் நினைத்தல் வேண்டும். பின்னர், 1950களிலும் 60களிலும் இலங்கையில் சுயமொழிக் கல்வி வளர்ந்தபோது, அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்று நம் மாணவர் உயர்தர வகுப்புவரை உயிரியலைத் தமிழிற் கற்பது இவர்கள் எல்லோரும் இட்ட அத்திவாரத்தின் மேலேதான்.

இவ்விடத்தில் ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். இலங்கைத் தமிழும் தமிழகத் தமிழும் விஞ்ஞானச் சொற்களிற் சற்று வேறு வழி சென்றன. நம் பாடநூலில் ‘கலம்’ என்பதைத் தமிழகத்தார் ‘செல்’ என்பர். நாம் ‘இழையம்’ என்பதை அவர்கள் ‘திசு’ என்பர். இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய் நமக்கு ‘நாடி’, அவர்களுக்குத் ‘தமனி’. இருதயத்துக்குக் கொண்டுவரும் குழாய் நமக்கு ‘நாளம்’, அவர்களுக்குச் ‘சிரை’. இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு நமக்குச் ‘சதையி’, அவர்களுக்குக் ‘கணையம்’. இளைஞர் பலர் தமிழகத்து வைத்தியர்களின் உரைகளைக் கைத்தொலைபேசியிற் கேட்கின்றனர். பேர் வேறாயினும் பொருள் ஒன்றே என்று அறிந்தால் மயக்கம் நீங்கும். கலம் என்ற சொல் துறைமுகத்தாராகிய நமக்குப் புதிதன்று. மரக்கலமும் கலமே, மட்கலமும் கலமே. தன்னுள் ஒன்றைக் கொண்டிருப்பது எதுவோ அது கலம். 1665இல் றொபேட் ஹூக் என்பார் தக்கையின் மெல்லிய துண்டொன்றை நுணுக்குக்காட்டியில் நோக்கி, அங்கே கண்ட சிற்றறைகளுக்கு அறை என்று பொருள்படும் பெயரை இட்டார். அவர் அறை என்றார். நாம் கலம் என்றோம்.

இனி, அன்றாடம் கேட்கும் சொற்களுக்கு வருவோம். ஆங்கில மருத்துவச் சொற்கள் நீளத்தால் நம்மை அச்சுறுத்துகின்றன. ஆயின் அவை பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டுகளைக் கோத்த மாலைகளே. துண்டுகளை அறிந்தால் மாலையை அறியலாம்.

‘ஐற்றிஸ்’ என்று முடியும் சொல்லைக் கேட்டால் அது அழற்சி என்று கொள்க. ஹெப்பற்றைற்றிஸ் ஈரல் அழற்சி. அப்பென்டிசைற்றிஸ் குடல்வளரி அழற்சி. மெனிஞ்சைற்றிஸ் மூளையைச் சூழ்ந்த உறையின் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. சிவத்தல், சூடேறல், வீங்கல், நோதல் என்னும் நான்கும் சேர்ந்தது அழற்சியாதலால், இத்தமிழ்ச் சொல் தன் பொருளைத் தானே சொல்கின்றது. அழற்சியும் தொற்றும் ஒன்றல்ல என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். தொற்று என்பது கிருமி உட்புகுந்து பெருகுதல். அழற்சி என்பது உடல் காட்டும் எதிர்ப்பு. கிருமியே இல்லாமலும் அழற்சி உண்டாகலாம். மூட்டு வீக்கம் பலவும் அத்தகையனவே.

‘ஹைப்பர்’ என்றால் மிகை. ‘ஹைப்போ’ என்றால் குறை. காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும் இவ்விரண்டும் பொருளால் எதிரெதிரானவை. ‘கிளைசீமியா’ என்பது குருதியில் உள்ள வெல்லத்தைக் குறிக்கும். நீரிழிவுக்கு மருந்தெடுப்பவர் ஒருவர் உணவைத் தவறவிட்டு, வியர்த்து, நடுங்கி, பேச்சுத் தடுமாறுவாராயின், வெல்லம் குறைந்துவிட்டது என்று ஐயுறவேண்டும். விழுங்கக்கூடிய நிலையிலிருந்தால் உடனே சீனி கரைத்த நீர் கொடுக்கவேண்டும். "சலரோகக்காரருக்குச் சீனி கொடுக்கலாமோ?" என்று வீட்டார் தயங்கி நிற்கும் நிமிடங்கள் ஆபத்தானவை. அறிவு மயங்கிவிட்டாலோ, வாயில் எதையும் ஊற்றாது, 1990 என்னும் இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வரவழைத்தல் வேண்டும். அச்சேவைக்குக் கட்டணம் இல்லை.

‘அக்கியூட்’ என்பது திடீரென வந்து குறுகிய காலத்தில் ஒரு முடிவுக்கு வருவது. ‘குறோனிக்’ என்பது நெடுநாள் நிலைப்பது. பின்னையது காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. நம் மக்கள் குறோனிக் என்றவுடன், "முற்றிப் போச்சு, இனிச் சரிவராது" என்று மனமுடைகின்றனர். அது தவறு. ‘நாட்பட்ட’ என்ற தமிழ்ச்சொல் சரியாகச் சொல்கின்றது: நோயின் வயதைச் சொல்கின்றது, கொடுமையையன்று. நாட்பட்ட நோயோடு மருந்தைக் கைக்கொண்டு பல்லாண்டு வாழ்பவர் பலர். வடமத்திய மாகாணத்திலும், நம் மாவட்டத்தில் பதவிசிறிபுரப் பகுதியிலும் உழவர்களை வருத்தும் நாட்பட்ட சிறுநீரக நோய் தொடக்கத்தில் வலியின்றியே வளர்வது. கிரியற்றினின் என்னும் பரிசோதனை அதனைக் காட்டும். கிரியற்றினின் தசைகளிலிருந்து உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதனை வெளியேற்றத் தவறினால் குருதியில் அதன் அளவு கூடும். எண் கூடுவது நன்றன்று என்பதை மட்டும் அறிந்திருந்தாலும் போதும்.

‘பொசிற்றிவ்’, ‘நெகற்றிவ்’ என்பன இன்னும் வேடிக்கையானவை. மேடைப் பேச்சில் பொசிற்றிவ் என்றால் நல்லது. பரிசோதனை றிப்போட்டில் அதற்கு, தேடிய பொருள் அல்லது கிருமி காணப்பட்டது என்பதே பொருள்; நெகற்றிவ் என்றால் காணப்படவில்லை. ஒரு கட்டியைப் பற்றி ‘பினைன்’ என்றால் அது புற்றுநோயன்று. ‘மலிக்னன்ட்’ என்றால் புற்றுநோய். கட்டி என்றவுடன் ஒப்பாரி வைக்கும் வீடுகளும், புற்றென்று தெரிந்தும் பெயரை நோயாளிக்கே மறைக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. மறைப்பது அன்பினாலேதான், ஆயினும் தன் நோயின் பெயர் அறியாதவர் தன் மருந்தைத் தவறாது எடுப்பது எவ்வாறு?

எண்களைப் பற்றியும் ஒரு சொல். பிறஷர் 120க்கு 80 என்பதில் மேலெண் இருதயம் சுருங்கும்போது நாடியில் உள்ள அமுக்கம். கீழெண் அது தளரும்போது உள்ளது. பல முறை அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நிற்குமாயின் உயர் குருதியமுக்கம் எனப்படும். வெறும் வயிற்றில் எடுத்த குருதி வெல்லம் ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பதாக மறுபரிசோதனையிலும் கண்டால் நீரிழிவு. கிளினிக்குக்கு முதல் இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்து, வைத்தியரிடம் நல்லபிள்ளைப் பெயர் வாங்கும் கலையில் நம் பெரியோர் வல்லவர்கள். ஆனால் எச்பிஏ1சி என்றொரு பரிசோதனை உண்டு. செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. அதில் ஒட்டிய வெல்லத்தை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கும் வெளிப்பட்டுவிடும். அதனிடம் இரண்டு நாள் விரதம் செல்லாது!

நோய்ப் பெயர்களில் நம் முன்னோர் வைத்த தமிழும் அழகியது. செங்கமாரி, கூவைக்கட்டு, சின்னமுத்து, கொப்புளிப்பான், நெருப்புக் காய்ச்சல் என்பன அவை. இவற்றை நாம் இழத்தல் கூடாது. எனினும் சில பழம்பெயர்கள் இரண்டு நோய்களை ஒரு பெயருக்குள் அடக்கி ஆபத்து விளைப்பதும் உண்டு. ‘வாதம்’ என்பது முழங்கால் நோவுக்கும் பெயர். ஒரு பக்கம் செயலற்றுப் போகும் பாரிசவாதத்துக்கும் பெயர். பாரிசவாதம் மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதால் அல்லது வெடிப்பதால் வருவது. முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால், அந்த முதல் மணித்தியாலங்கள் வைத்தியசாலைக்கு உரியவை. எண்ணெய்க்கும் பத்தியத்துக்கும் உரிய காலம் பின்னர் வரலாம்.

‘அம்மாள் வருத்தம்’ என்பதும் அவ்வாறே. வேப்பிலை கட்டி, வீட்டைத் தூய்மையாக வைத்து, நோயாளியைத் தனியே கிடத்துதல் நல்ல வழக்கம். நோய் பரவாது தடுக்க அதுவும் உதவும். ஆனால் கருவுற்ற பெண்ணுக்கும், வளர்ந்தவர்க்கும், மூச்சுத் திணறுபவர்க்கும் கொப்புளிப்பான் கொடியதாகலாம். வைத்தியரிடம் போவது அம்மனுக்கு அபசாரமென்று எண்ணற்க. 1796இல் எட்வேட் ஜென்னர் பசுவின் அம்மையிலிருந்து எடுத்த பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். ‘வக்சீன்’ என்ற சொல்லே பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிற் பிறந்தது. பசுவைப் போற்றும் நமக்கு இது மகிழ்ச்சி தரவேண்டிய செய்தி. பெரியம்மை உலகினின்று ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது.

காய்ச்சலைப் பற்றிச் சொல்லாமல் முடித்தல் தகாது. மலேரியாவுக்கு அஞ்சிய நாடு நம்முடையது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் 2017இல் டெங்கு பெருகி, நாடெங்கும் 186,000 பேருக்கு மேல் நோயுற்றதாகப் பதிவாயிற்று. நம் கிண்ணியா அவ்வாண்டு பட்ட பாட்டை இங்குள்ள பலர் நேரிற் கண்டவர்கள். டெங்கு வைரசினால் வருவது. அன்ரிபயோற்றிக் என்னும் மருந்து பற்றீரியாவைக் கொல்லும்; வைரசைக் கொல்லாது. ஆகவே டெங்குக்கும் தடிமனுக்கும் அதனைக் கேட்டு வாங்குதல் பயனற்றது. இன்னொன்று: டெங்கில் காய்ச்சல் விடும் நாளே கவனத்துக்குரிய நாள். "காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை" என்று நாம் ஆறுதலடையும் அப்பொழுதிலேயே சிலருக்குக் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். குருதிச் சிறுதட்டுக்கள் குறையும். எவ்.பி.சி. என்று எழுதித் தருவது இக்கலங்களை எண்ணிப் பார்க்கவே. வயிற்றுநோவு, ஓயாத வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் குளிர்தல் என்பன கண்டால் காத்திருத்தல் கூடாது. காய்ச்சலுக்கு வைத்தியர் சொன்ன அளவில் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், புறூபன் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டுமாதலால் விலக்குக.

தோழர்களே, இவ்வளவும் கேட்டபின் நாம் செய்யத்தக்கது என்ன? நம் மன்றத்துக்கு மூன்று காரியங்களை முன்வைக்கின்றேன்.

முதலாவது, கிளினிக்குக்குப் போகும் முதியவரோடு வீட்டுக்கொரு இளைஞர் கூடச் செல்லவேண்டும். வைத்தியரிடம் மூன்று கேள்விகளைப் பணிவோடு கேட்கவேண்டும்: இந்நோயின் பெயர் என்ன? இம்மருந்தை எத்தனை நாள், எவ்வாறு எடுக்கவேண்டும்? என்ன கண்டால் உடனே திரும்பி வரவேண்டும்? கேட்பது மரியாதைக் குறைவன்று. விளங்காமலே தலையாட்டி வருவதே வைத்தியருக்கும் நமக்கும் கேடு.

இரண்டாவது, அவர் சொன்னதைத் தமிழில் எழுதி அக்கொப்பியிலேயே ஒட்டவேண்டும். முதியவரைக் கொண்டு அதனை ஒருமுறை திருப்பிச் சொல்லுவிக்கவேண்டும். அவர் வாயால் வந்தாலன்றி விளங்கிற்று என்று கொள்ளற்க.

மூன்றாவது, நம் வாசிகசாலையில் ஒரு பலகை வைத்து, வாரந்தோறும் ஐந்து சொற்களை ஆங்கில ஒலியிலும் தமிழிலும், முடிந்தால் சிங்களத்திலும் எழுதுவோம். எழுதுமுன் வைத்தியர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்வோம். ஓராண்டில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட சொற்கள் சேரும். அடுத்த ஆண்டு மலரில் அவற்றை அச்சிட்டால், அது வீடுதோறும் சுவாமி படத்தருகே வைக்கத்தக்க ஒரு கைந்நூலாகும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் கொப்பிகளை எங்களிடம் காட்டுங்கள். "சின்னப் பெடியனுக்கு என்ன தெரியும்?" என்று ஒதுக்கிவிடாதீர்கள். செங்கமாரியும் கூவைக்கட்டும் எங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் நீங்கள். கிரியற்றினினும் எச்பிஏ1சியும் உங்களுக்குச் சொல்லித் தருவது எங்கள் கடன். நீங்கள் நெடுநாள் வாழ்ந்து எங்களை வழிநடத்தவேண்டும் என்பதைத் தவிர இதில் எங்களுக்கு வேறு ஆதாயம் இல்லை.